எதிர் எடை இறங்கும் இடம்

அமைதியையே அணிகலனாக அணிந்து இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத்தின் தலைவர் ஐயா அவர்களே! மேடையை நிறைத்து வீற்றிருக்கும் வட்டத்தின் மூத்தவர்களே! முழங்கால் முணுமுணுத்தாலும் முன்வரிசைக்கு வந்து சேர்ந்துவிட்ட பெரியவர்களே! வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! முடிக்காமல் அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! உங்களுக்கு மட்டும் இரண்டு வணக்கம். நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் இளைஞர்களே! இன்றைய பரிசைப் பெறுவதற்காக மூன்றாவது வரிசையில், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாவலாசிரியர் அக்கா அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சின்னவளின் வணக்கம்.

பின்னால் கேட்கிறதா? கேட்கவில்லையா? "நல்லா வாயத் தொறந்து பேசும்மா" என்கிறார் முன்வரிசையில் இருக்கும் பல் மருத்துவர் ஐயா. அவருக்கு அது தொழில். திறந்துவிட்டேன் ஐயா, இன்று மூடுவது கொஞ்சம் கடினம்.

அன்பர்களே, நான் மேடைக்காரி அல்ல. ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். காலையிலிருந்து மாலைவரை பிறர் எழுதிய வாக்கியங்களோடு வாய் பேசாமல் வாழ்கிறவள். என்னைக் கூப்பிட்டு, "நவீன புனைகதையில் தாவோ: சமநிலையும் ஒத்திசைவும்" என்று தலைப்புக் கொடுத்தார் தலைவர். மகிழ்ந்தேன். மாதக்கணக்கில் படித்தேன். அழகாக ஓர் உரை எழுதினேன். அது இதோ, என் கையில் இருக்கிறது. அதை நான் வாசிக்கப்போவதில்லை.

ஏன்? போன வாரம் ஓர் அலுவலக அறையில், நான் காதலித்த அதே சொற்கள், சமநிலை, இசைவு, இணக்கம் என்ற அதே சொற்கள் எழுதவைத்த ஒரு வரி, ஒரு பெண்ணின் கழுத்துக்கு நேராக நீட்டப்பட்டதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்த அதிர்ச்சி இன்னும் தீரவில்லை.

ஆனாலும் தலைப்பை விட்டு ஓடமாட்டேன். தலைப்பின் நடுவே நின்றுதான் பேசப்போகிறேன்.

தாவோ என்ற சீனச் சொல்லுக்கு வழி என்று பொருள். அந்த வழியைக் கண்ட பழங்காலத்து ஞானிகள் அதை விளக்க விரும்பவில்லை. விளக்கினால் நழுவிவிடும் என்று பயந்தார்கள். அதனால் சுட்டிக்காட்டினார்கள். எதை? தண்ணீரை. யாரும் போக விரும்பாத பள்ளத்தைத் தேடிப் போகிற தண்ணீரை. வேறு எதை? பாத்திரத்தின் உள்ளே இருக்கும் வெற்றிடத்தை. மண்ணைப் பார்க்காதே, மண் சூழ்ந்திருக்கும் ஒன்றுமில்லாததைப் பார், அதில்தானே தண்ணீர் நிற்கிறது என்றார்கள். இன்னும் எதை? வலிந்து செய்யாதிருத்தலை. பூ மலரவில்லையே என்று இதழைப் பிய்த்துத் திறக்காத பொறுமையை.

இந்த மேடையின் திரையிலேயே அந்த வட்டத்தை வரைந்து வைத்திருக்கிறீர்கள். பாதி கருப்பு, பாதி வெள்ளை. நடுவில் கோடு எப்படிப் போகிறது? நேராகவா? அளவுகோல் வைத்தா? இல்லை! ஓடையைப் போல் வளைந்து போகிறது. கருப்புக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறதே, அது யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய பொட்டா? இல்லை! கருப்பு முற்றி முதிரும்போது அதன் வயிற்றிலேயே பிறக்கிற புள்ளி அது.

இன்றைய புனைகதை இந்தப் பாடத்தை நன்றாகவே கற்றது. பழைய கதையில் கெட்டவன் விழுவான், நல்லவன் எழுவான், திரை இறங்கும். இன்றைய கதையில் சண்டை போட்ட அண்ணனும் தம்பியும் கடைசிவரை பேசிக்கொள்வதில்லை. ஆனால் தம்பி வீட்டுக்குள் நுழையும்போது அண்ணன் மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறான். அவ்வளவுதான். எழுதிய பக்கத்தை எழுதாத பக்கம் தாங்குகிறது. சொன்ன சொல்லைச் சொல்லாத சொல் சுமக்கிறது. அந்த இடங்களில் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதை முதலாளியிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

இப்போது இந்த வட்டத்தின் வழக்கத்துக்கு வருகிறேன். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஓர் எழுத்தாளர் தன் கையெழுத்துப் படியை வாசிக்கும்போது, மேசைமேல் ஒரு கிண்ணத்தில் கூழாங்கற்கள் இருக்கும். கதையில் ஒரு துயரம் வந்தால், ஒரு கொடுமை வந்தால், தலைவர் ஒரு கருப்புக் கல்லை எடுத்து மேசைமேல் வைப்பார். உடனே உறுப்பினர்களில் ஒருவர் ஒரு வெள்ளைக் கல்லை அதற்கு எதிரே வைத்து, கதையில் சேர்க்கவேண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும். சாவுக்கு எதிராக ஒரு பிறப்பு. குற்றத்துக்கு எதிராக ஒரு மன்னிப்பு. அதற்கு எதிர்க்கல் என்று பெயர். எதிர்க்கல் வைத்தவர் யார் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. கல் வட்டத்துக்குச் சொந்தம், ஆளுக்கு அல்ல. மேசையில் கருப்பும் வெள்ளையும் சரிசமமாக நின்றால்தான் வட்டம் அந்த நூலை வெளியிடும்.

அழகான வழக்கம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆமாம் அம்மா, நீங்கள் தலையாட்டுவது சரிதான். பார்ப்பதற்கு அழகுதான்.

இந்த மேசைக்கு ஒருநாள் அக்கா வந்தார். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. நாள் முழுக்கக் கொதிநீரும் படுக்கை விரிப்பும் நீராவியும். எத்தனை மாடி ஆனாலும் ஏறியே போவார் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவரை 'மாடிப்படி' என்று கூப்பிடுவார்கள். ஏன் ஏறிப் போகிறார் என்பதுதான் அவருடைய நாவல்.

அவருடைய கணவர் லிப்ட் பழுது பார்க்கிறவர். லிப்ட் எப்படி ஓடுகிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு அந்த நாவலைப் படிக்கும்வரை தெரியாது. ஒரு கயிற்றின் ஒரு முனையில் நாம் நிற்கிற பெட்டி. மறுமுனையில், சுவருக்குப் பின்னால், நம் கண்ணுக்கே தெரியாமல், இரும்புப் பாளங்களை அடுக்கிய எதிர் எடை. பெட்டி மேலே போனால் எதிர் எடை கீழே இறங்கும். பெட்டி கீழே வந்தால் அது மேலே ஏறும். என்ன ஒரு சமநிலை! என்ன ஒரு இசைவு!

அந்தக் கட்டடத்தில், லிப்ட் குழிக்குள் இருக்கும் நிறுத்து விசை பழுதாகியிருந்தது. அதைச் சரிசெய்யக் குழிக்குள் இறங்கவேண்டும். அதனால் மேலே லிப்ட் அறைக்குப் போய் மின்சாரத்தை நிறுத்தினார். 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே' என்ற பலகையை மாட்டினார். பிறகு வழக்கம்போல மனைவியைக் கைப்பேசியில் கூப்பிட்டார். அவர்களுக்குள் அது தினசரி பழக்கம். "பலகை மாட்டிட்டேன். எறங்கப்போறேன். கூப்பிடாத." அவ்வளவுதான். அன்புமொழி என்று ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அதைவிட அன்பான வாக்கியத்தை நான் எந்தப் புத்தகத்திலும் திருத்தியதில்லை.

மேல்மாடியில் அந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளருடைய விருந்தாளிகள் கீழே வரக் காத்திருந்தார்கள். மின்சாரம் மீண்டும் வந்தது. மேல்மாடியில் யாரோ பொத்தானை அழுத்தினார்கள். காலிப் பெட்டி மேலே போனது. எதிர் எடை கீழே இறங்கியது.

கீழே அவர் இருந்தார்.



மேலே காத்திருந்தவர்களுக்கு ஒரு சமநிலை கிடைத்தது, அன்பர்களே. அந்தச் சமநிலை குழியில் நின்றவர் தலையில் இறங்கியது. பிறகு அந்தப் பெட்டிக்குள் ஏறிய எவருக்காவது அது தெரிந்ததா? தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை பயணம் சுகமாக இருந்தது.

அக்கா இதை நாவலாக எழுதினார். பெயர் மாற்றி, ஊர் மாற்றி, கணவரின் குரலை மட்டும் மாற்றாமல் எழுதினார். நாவலின் கடைசி அத்தியாயம் எப்படி இருந்தது தெரியுமா? வட்டத்தில் வாசிப்பதற்கு முன் எடுத்த முதல் அச்சுப் படியில் நான் படித்தேன். செயலாளர் துக்கம் விசாரிக்க வருகிறார். அழைப்பு மணியை அடிக்கிறார். உள்ளே, சின்ன மகள் அப்பாவுடைய பெரிய தோல் கையுறைகளைக் காலில் மாட்டிக்கொண்டு வாத்தைப் போலக் கூடம் முழுக்க நடக்கிறாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. மணி மறுபடியும் அடிக்கிறது. "யாரும்மா?" என்கிறாள் மகள். "யாரோ" என்கிறாள் அம்மா. திறக்கவில்லை. நாவல் முடிகிறது.

முடிந்ததும் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். கருப்பின் வயிற்றில் பிறந்த வெள்ளைப் புள்ளி இதுவல்லவா? பாத்திரத்தின் வெற்றிடம் அந்த மூடிய கதவல்லவா? நான் நூல்நூலாகத் தேடிய தாவோ, சலவைக்கூடத்திலிருந்து வந்த ஒரு கையெழுத்துப் படியில் இருந்தது.

இரண்டாவது அச்சுப் படி வந்தது. புரட்டினேன். அதிர்ந்தேன். கதவு திறந்திருந்தது! செயலாளர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் தேநீர். எதிரே அந்தப் பெண் தலைகுனிந்து சொல்கிறாள்: "அவர் பலகையை மாட்ட மறந்திருக்கலாம். உங்களை மட்டும் குறை சொல்ல என்ன இருக்கிறது?" இருவரும் கண் கலங்குகிறார்கள். ஜன்னல் வழியே வெயில் வருகிறது. நாவல் முடிகிறது.

மகள் எங்கே? காணோம். கையுறை? காணோம்.

உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, இது நீங்க எழுதினதா?"

"என் கையாலதான் எழுதினேன். என் வரி இல்ல. எதிர்க்கல்லு."

"யார் வெச்சாங்க?"

"சொல்லக்கூடாதாம். வாக்குக் குடுத்திருக்கேன்."

"எப்படிக்கா ஒத்துக்கிட்டீங்க? அவர் மாட்ட மறக்கல. உங்களுக்கே போன் பண்ணிச் சொன்னாரே!"

"எனக்குத் தெரியாதா? தலைவர் ஐயாதான் தன்மையா சொன்னாரு. கதைதானேம்மா, ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் தப்பு இருந்தாத்தான் இசைவு வரும்னு. அத்தன படிச்சவங்க சுத்தி உக்காந்திருக்காங்க. கதைன்னா அப்படித்தான் போலன்னு நெனச்சேன். போன வெச்சிடு பாப்பா, மெஷின் கத்துது."

வைத்துவிட்டார். நூல் வெளிவந்தது. நல்ல வரவேற்பு. மனதுக்கு இதமான முடிவு என்று எழுதினார்கள். வட்டம் இந்த ஆண்டின் ஒத்திசைவுப் பரிசை அதற்கு அறிவித்தது. மேசைமேல் கருப்பும் வெள்ளையும் சரிசமமாக நின்றன.

இனி நான் சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாதது.

அந்த விபத்துக்கு இப்போதுதான் விசாரணை நடக்கிறது. தவறு யாருடையது? மின்சாரத்தை நிறுத்தாமல், பலகை மாட்டாமல் இறங்கினாரா? அல்லது மாட்டிய பலகையை எடுத்துவிட்டு விசையைப் போட்டார்களா? கேள்வி இது ஒன்றுதான். பலகையைப் பார்த்தேன் என்று முதலில் சொன்ன கட்டடக் காவலாளிக்கு இப்போது ஞாபகம் இல்லையாம். சம்பளம் கொடுப்பவர் செயலாளர். ஞாபகமும் அவருடைய பொறுப்பில்தான் இருக்கிறது போலும். ஆக மிச்சம் இருப்பது ஒரே ஒரு சாட்சி. அந்தக் காலைப்பொழுதில் மனைவி கேட்ட அந்த ஒரு வாக்கியம்: "பலகை மாட்டிட்டேன்."

"தொணைக்கு வா பாப்பா, தனியாப் போனா நாக்கு ஒட்டிக்குது" என்று அக்கா கூப்பிட்டார். போனேன். விசாரணை அலுவலகம், நான்காவது மாடி. படியேறி, மூச்சு வாங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு நாங்கள் நுழைந்தபோது, லிப்டில் வந்த செயலாளர் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வழக்கறிஞர். அக்காவைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

"வாங்கம்மா. நல்லா இருக்கீங்களா? உங்க புக்கப் படிச்சேன். கடைசில அழுதுட்டேன். இத்தன நாளா நெஞ்சுல ஒரு பாரம் இருந்துச்சு. படிச்சதும் லேசாயிடுச்சு."

நடிக்கவில்லை, அன்பர்களே! அதுதான் என்னை உலுக்கியது. அந்த மனிதர் உண்மையாகவே அழுதிருந்தார். உண்மையாகவே லேசாகியிருந்தார்.

விசாரணை அதிகாரி வந்தார். அக்கா தன் சாட்சியத்தைச் சொன்னார். வழக்கறிஞர் எழுந்தார். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அட்டையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எழுத்தெண்ணித் திருத்திய புத்தகம். கடைசி அத்தியாயத்தில் அடையாளம் வைத்திருந்தார். உரக்க வாசித்தார்: "அவர் பலகையை மாட்ட மறந்திருக்கலாம்."

அதிகாரி கேட்டார்: "இது கதைதானே? இத எப்படி ஆதாரமா எடுத்துக்கறது?"

"ஆதாரம்னு சொல்லல சார். அவங்க மனசுல இருக்கறது இதுதான்னு சொல்றேன். இங்க ஒண்ணு சொல்றாங்க, அங்க ஒண்ணு எழுதறாங்க."

அதிகாரி அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, இந்த வரிய நீங்களா எழுதினீங்க?"

"என் பேர்லதான் இருக்கு சார்."

"அது தெரியுது. உங்க மனசுல தோணினதா?"

அக்கா வாய் திறக்கவில்லை.

"தோணலன்னா பின்ன யார் சொன்னது?"

திறக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்து கிள்ளினேன். "சொல்லுங்கக்கா." என்னைத் திரும்பிப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "வாக்குக் குடுத்திருக்கேன்ல."

ஐயோ! யாருக்குக் கொடுத்த வாக்கு? நமக்குக் கொடுத்த வாக்கு! ஒரு கூழாங்கல்லுக்குக் கொடுத்த வாக்கு! குழிக்குள் இறங்குவதற்கு முன் தன்னைக் கூப்பிட்டுச் சொன்ன மனிதருக்காகப் பேச வந்தவர், மேசைமேல் வைத்த கல்லுக்காக வாய் மூடி நின்றார். அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார். "வெள்ளிக்கிழம கடைசி அமர்வு. அன்னிக்குள்ள சொல்ல வேண்டியதச் சொல்லிடுங்க. இல்லன்னா இருக்கறத வெச்சு நான் முடிச்சிடுவேன்." முடிப்பது என்றால் என்ன? பணியாளரின் கவனக்குறைவு என்று முடிப்பது. செத்துப்போனவர்மேலேயே சாவை எழுதி முடிப்பது. அந்த மகள் வளர்ந்து பெரியவளாகி, எங்கப்பா எப்படி இறந்தார் என்று கேட்டால் அவள் கையில் கிடைக்கப்போவது அந்த முடிவு.

என்ன ஐயா? தலைவர் ஐயா என் பக்கம் சாய்ந்து, "அம்மா, வட்டத்தோட விதிய மேடையில பேச வேண்டாமே" என்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார். அவர் கடிந்து பேசி நான் கேட்டதே இல்லை. ஐயா, மன்னிக்க வேண்டும். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். "அது யாருன்னு நான் சொல்ல மாட்டேன். நீ கேக்கறதுன்னா கேளு, உனக்கு வாய் இருக்கு" என்றார். கேட்கிறேன்.

கேட்பதற்கு முன்னால் ஒன்று. சமநிலை என்று நாம் எதைச் சொல்கிறோம்? ஒரு பக்கம் கட்டடம் இருக்கிறது, செல்வாக்கு இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார், ஞாபகமில்லாத காவலாளி இருக்கிறார். மறுபக்கம் ஈரக் கையோடு வந்த ஒரு பெண்ணும் ஒரே ஒரு வாக்கியமும். இந்த இரண்டுக்கும் நட்டநடுவில் போய் நின்றுகொண்டு, நான் யார் பக்கமும் இல்லை, நான் சமநிலை என்று சொன்னால் அது சமநிலையா? ஏற்கெனவே சாய்ந்துவிட்ட தராசின் நடுமுள்ளில் உட்கார்ந்துகொண்டு, ஆடாதே அசையாதே என்று அதட்டுவதுதான் இசைவா? தண்ணீர் அப்படிச் செய்யுமா? தண்ணீர் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பங்கு பிரித்துக் கொடுக்குமா? அது பள்ளத்துக்குப் போகும்! பள்ளம் நிறையும்வரை போகும்! நிறைந்த பிறகுதான் சமம் என்ற சொல்லுக்கே பொருள் வரும்!

கதையில் ஒத்திசைவு என்பது கல் கணக்கு அல்ல. அக்காவின் நாவலில் அது முன்பே இருந்தது. நாம் பார்க்கவில்லை. மூடிய கதவைப் பார்த்து மூச்சு முட்டி, அவசரமாகத் திறந்துவிட்டோம். அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டு வெயிலை வைத்தோம். வெற்றிடத்தை நிரப்பினோம். எதைப் போட்டு? செத்தவர்மேல் ஒரு சந்தேகத்தைப் போட்டு! நமக்கு மனம் லேசானது. செயலாளருக்கும் லேசானது. எல்லோரும் சுகமாக மேலே போனோம். எதிர் எடை எங்கே இறங்கியது?

அக்கா உட்கார்ந்திருக்கும் மூன்றாவது வரிசையில் இறங்கியது.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து வேண்டாம். கைதட்டினால் நன்றாகப் பேசினாள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். எனக்கு வேண்டியது பாராட்டு அல்ல, ஒரு பதில். இந்த அரங்கில்தான் அவர் இருக்கிறார். அவரைத் திட்ட நான் வரவில்லை. நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பார். "அவர் பலகையை மாட்ட மறந்திருக்கலாம்" என்ற எதிர்க்கல்லை வைத்தவர் யார்?

யாருமில்லையா?

விதியைக் காப்பாற்றுகிறோமா, இல்லை நம்மைக் காப்பாற்றிக்கொள்கிறோமா?

யார் அது எழுந்திருப்பது? வெளியே போகிறீர்களா ஐயா? இல்லை, நிற்கிறார். பல் மருத்துவர் ஐயா நிற்கிறார். ஏதோ வேடிக்கை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். முகம் அப்படி இல்லை. மைக்கை அவரிடம் கொடுங்கள். வேண்டாம் என்கிறார். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது. அவர் சொல்வதை அவர் சொன்ன மாதிரியே நான் திருப்பிச் சொல்கிறேன்.

"நான்தாம்மா. அந்தக் கல்லு நான் வெச்சது."

அரங்கு அமைதியாக இருக்கட்டும். யாரும் அவரைப் பார்த்துச் சத்தம் போடாதீர்கள். சொல்லட்டும்.

"இவங்க அன்னிக்குப் படிச்சு முடிச்சதும் என்னால உக்கார முடியல. ஏன்னா எங்க கட்டடத்துல நானும் செயலாளர்தான். எங்க லிப்ட் ரூம் சாவியும் என்கிட்டதான் இருக்கு. எத்தன தடவ அவசரத்துல, யார் வேல செய்றாங்கன்னு பாக்காம விசையப் போட்டிருப்பேன்னு நெனச்சுப் பாத்தேன். ஒருத்தன் மட்டுந்தான் தப்புன்னு கத முடிஞ்சா, நான் எங்க போய் நிக்கறது? அதான் அந்தப் பலகைய அவர் மறந்திருக்கலாம்னு சொன்னேன். அந்தச் செயலாளருக்காகக் கேக்கலம்மா. எனக்காகக் கேட்டேன்."

ஐயா, மறுபடியும் அதிர்ந்து நிற்கிறேன். இந்த அதிர்ச்சிக்கு நான் எந்த உரையும் எழுதி வரவில்லை.

அக்கா எழுந்திருக்கிறார். அக்கா, இங்கே மேடைக்கு வாருங்களேன். வரமாட்டேன் என்கிறார். அங்கிருந்தே மருத்துவரிடம் பேசுகிறார். இதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

"டாக்டர், வெள்ளிக்கிழம வர்றீங்களா?"

"வர்றேம்மா. வந்து என்ன சொல்லணும்?"

"இப்ப சொன்னதையே சொல்லுங்க."

"அந்த வரி நான் குடுத்ததுன்னு. சரி."

"அதோட நிறுத்தாதீங்க. எதுக்காகக் குடுத்தீங்கன்னும் சொல்லணும்."

மருத்துவர் யோசிக்கிறார். பக்கத்தில் இருக்கும் அவருடைய மனைவி அவர் கையைப் பிடித்திருக்கிறார். இழுத்து உட்காரவைக்கிறாரா, தாங்கி நிற்கவைக்கிறாரா, இங்கிருந்து தெரியவில்லை.

"சொல்றேன்" என்கிறார்.

தலைவர் ஐயா எழுந்துவிட்டார். விதி என்ன ஆவது என்று அவர் கேட்கவில்லை. "நானும் வர்றேன்" என்று மட்டும் சொல்கிறார். பரிசுக் கேடயத்தைக் கையில் எடுத்துவிட்டுத் தயங்குகிறார். அடுத்த பதிப்பில் கதவு மூடியே இருக்கும் என்று வாக்குத் தருகிறார். பரிசை இப்போது தருவதா என்று அக்காவைக் கேட்கிறார்.

"அங்கயே வெச்சிருங்க ஐயா. வெள்ளிக்கிழம முடியட்டும். அப்புறம் வாங்கிக்கறேனா இல்லையான்னு சொல்றேன்."

அன்பர்களே, இதற்குமேல் நான் பேசினால் அது அவருடைய வாக்கியத்துக்குப் பின்னால் நான் ஒட்டுகிற வாலாகிவிடும். ஒத்திசைவான முடிவு ஒன்றை இந்தக் கூட்டத்துக்குத் தர என்னிடம் இல்லை. வெள்ளிக்கிழமை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அதிகாரி நம்பலாம், நம்பாமலும் போகலாம். ஒன்று மட்டும் கேட்கிறேன்: அன்று காலை பத்து மணிக்கு அந்த விசாரணை அலுவலகத்தின் வாசலில், நடுவில் அல்ல, அக்கா நிற்கிற பக்கமாக வந்து நில்லுங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும், அடுப்பை மறந்து உட்கார்ந்திருந்த தாய்மார்களுக்கும், தன் விதியை நான் மீறியபோதும் ஒலிபெருக்கியை நிறுத்தாத தலைவர் ஐயாவுக்கும், எழுந்து நின்ற மருத்துவர் ஐயாவுக்கும், இன்னும் உட்காராமல் நின்றுகொண்டிருக்கும் என் அக்காவுக்கும் நெஞ்சார நன்றி சொல்லி, இரு கை கூப்பி வணங்கி அமர்கிறேன். வணக்கம்.